வின்சன் சிகரம்: உச்சியை விடுங்கள், அடிவாரத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: அண்டார்க்டிகாவின் மிக உயரமான சிகரம் வின்சன். உயரம் 4,892 மீட்டர். எவரெஸ்ட்டின் அடிவார முகாமே 5,300 மீட்டரைத் தாண்டுகிறது. அப்படியிருக்க, வின்சனில் என்ன விசேஷம்? அதைச் சுற்றியுள்ள பனியாறுகள் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கின்றன?

உயரத்தை வைத்து மட்டும் பார்த்தால் விசேஷம் ஒன்றும் இல்லைதான். இமயமலையில் இந்த உயரத்துக்கு ஆடு மேய்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வின்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மலையின் சுவாரசியம் அடிவாரத்தில் இருக்கிறது. கிழக்கு அடிவாரத்தில் ஒரு பிரம்மாண்டமான பள்ளம். அதன் பாறைத் தரை கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் கீழே கிடக்கிறது. பள்ளம் முழுக்கப் பனி நிரம்பியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உச்சியிலிருந்து அந்தத் தரைவரை கணக்கிட்டால் பக்கவாட்டில் சுமார் 40 கி.மீ. தூரத்துக்குள் கிட்டத்தட்ட 7 கி.மீ. இறக்கம். பூமியில் இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள இடங்கள் மிகக் குறைவு. பனியை எடுத்துவிட்டுப் பார்க்க முடிந்தால், வின்சனைச் சின்ன மலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அண்டார்க்டிகாவைக் குறுக்கே பிரிக்கும் நீண்ட மலைத்தொடர் ஒன்று உண்டு, அதற்குக் கிழக்கில் பெரிய, பழைய, உயரமான பனிவிரிப்பு, மேற்கில் சிறியது. வின்சன் மேற்குப் பகுதியில், எல்ஸ்வொர்த் மலைகள் என்ற தனித்த தொடரில் இருக்கிறது. தென் துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தூரம். எல்ஸ்வொர்த் மலைகளின் நீளம் சுமார் 360 கி.மீ., அகலம் 48 கி.மீ. வேறு எந்த மலையோடும் ஒட்டாமல், பனிக்கடலுக்கு நடுவே தனியாக நிற்கிறது. அது நிற்கும் திசையும் விசித்திரம். கண்டத்தைப் பிரிக்கும் பெருமலைத்தொடர் ஒரு போக்கில் போக, இது அதற்குக் கிட்டத்தட்ட செங்குத்தாகத் திரும்பி நிற்கிறது. ஏன் இப்படி என்பதைப் பாறைகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இந்தத் தொடரை நடுவில் மின்னசோட்டா பனியாறு இரண்டாக வெட்டுகிறது. வடக்கில் சென்டினல் தொடர், தெற்கில் ஹெரிடேஜ் தொடர். வின்சன் இருப்பது வடக்குப் பாதியில். வின்சன் என்றதும் ஊசி போன்ற ஒரு கூம்பைக் கற்பனை செய்யவேண்டாம். அது சுமார் 21 கி.மீ. நீளமும் 13 கி.மீ. அகலமும் உள்ள பெரிய மலைத்திரள். மேலே பனி மூடிய மேட்டுநிலம். அதன் விளிம்புகளில் சின்னச்சின்ன முகடுகள். அவற்றில் உயர்ந்த ஒன்றுதான் வின்சன் சிகரம். திரளுக்கும் சிகரத்துக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று 2006-ல்தான் முடிவானது. அதுவரை இரண்டும் ஒன்றாகவே வழங்கின, இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பக்கத்திலேயே, சுமார் 13 கி.மீ. வடமேற்கில், டைரி சிகரம் இருக்கிறது. உயரம் 4,852 மீட்டர். வின்சனைவிட 40 மீட்டர்தான் குறைவு. ஆனால் மலையேறுகிறவர்களைக் கேட்டால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லமாட்டார்கள். வின்சனில் வழக்கமான வழி நீண்ட நடை; டைரி செங்குத்தான பாறையும் கத்திமுனை விளிம்பும். வின்சனை ஆண்டுதோறும் எத்தனையோ பேர் ஏறுகிறார்கள், டைரியை ஏறியவர்கள் மிகச் சிலர். நாற்பது மீட்டர் உயர்வுக்காக உலகம் ஒரு மலையைக் கொண்டாடி இன்னொன்றை மறந்துவிடுகிறது. மலையின் தரத்தை உயரத்தால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இந்த இரண்டும் போதும்.

இவ்வளவு பெரிய மலை உலகத்தின் கண்ணில் எப்போது பட்டது தெரியுமா? 1935 நவம்பர் 23. லிங்கன் எல்ஸ்வொர்த் என்ற அமெரிக்கரும் விமானி ஹெர்பர்ட் ஹாலிக்-கென்யனும் ‘போலார் ஸ்டார்’ என்ற சிறிய விமானத்தில் கண்டத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு மலைத்தொடரின் வடகோடி தெரிந்தது. காவலாளிபோல் தனியே நின்றதால் சென்டினல் என்று பெயர் வைத்தார் எல்ஸ்வொர்த். தெற்கே இருந்த உயரமான சிகரங்கள் அன்று அவர் கணக்கில் வரவில்லை. அந்தப் பயணமே பெரிய கதை. வானிலை கெட்டு வழியில் பலமுறை பனியில் இறங்கி, கடைசியில் இலக்குக்குச் சற்று முன்பே எரிபொருள் தீர்ந்து, மீதித் தூரத்தை நடந்தே கடந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் மீட்புக் கப்பல் வந்து சேர்ந்தது.

அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று 1957–58-ல் உலக நாடுகள் சேர்ந்து அண்டார்க்டிகாவை ஆராய்ந்தபோதுதான் விஷயம் சூடுபிடித்தது. 1958 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் வின்சனைக் கண்டன. அண்டார்க்டிக ஆய்வுகளுக்கு நாடாளுமன்றத்தில் நிதி வாங்கிக்கொடுத்த ஜார்ஜியா மாநில உறுப்பினர் கார்ல் வின்சனின் பெயர் சூட்டப்பட்டது. மலையைப் பார்த்தே இராத ஓர் அரசியல்வாதியின் பெயர் ஒரு கண்டத்தின் உச்சிக்கு! சுற்றுவட்டாரப் பெயர்களைப் பார்த்தால் அட்மிரல்களும் விமானிகளும் பல்கலைக்கழகங்களும்தான். டைரி ஓர் அட்மிரல். நிமிட்ஸ் பனியாறு இன்னோர் அட்மிரல். பக்கத்துச் சிகரமான ஷின், 1956-ல் தென் துருவத்தில் முதன்முதலாக விமானத்தை இறக்கிய கான்ராட் ஷின்னின் பெயர். மின்னசோட்டா பனியாறு அங்கே நிலவியல் ஆய்வு நடத்திய பல்கலைக்கழகத்தின் பெயர். பூர்வகுடிகளே இல்லாத கண்டம் என்பதால், பழைய பெயர் என்று எதுவும் அங்கே கிடையாது.

உயரமும் இப்போது சொல்லும் உயரமாக எப்போதும் இருந்ததில்லை. ஆரம்பத்தில் 5,140 மீட்டர் என்று வரைபடங்கள் போட்டன. தொலைவிலிருந்து கருவி வைத்துக் கோணம் பார்த்துப் போட்ட கணக்கு அது. 1979 டிசம்பரில் ஜெர்மானியர் இருவரும் சோவியத் நாட்டவர் ஒருவரும், ஓர் அமெரிக்க அறிவியல் பயணத்தோடு வந்தவர்கள், மேலே ஏறி ஒரு பனிச்சறுக்குக் கோலில் சிவப்புக் கொடியைக் கட்டி நட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கொடியைக் குறியாக வைத்து அளந்ததில் 4,897 என்று வந்தது. 2004-ல் ஜி.பி.எஸ். கருவியை உச்சிக்கே எடுத்துச்சென்று மணிக்கணக்கில் வைத்து அளந்தார்கள். அப்போது வந்ததுதான் 4,892. முதல் கணக்குக்கும் இதற்கும் கிட்டத்தட்ட 250 மீட்டர் வித்தியாசம். சுற்றிலும் கடலே தெரியாத இடத்தில் கடல் மட்டத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது இதிலிருந்தே புரியும்.

முதலில் ஏறியது 1966 டிசம்பர் 18. நிக்கோலஸ் கிளின்ச் தலைமையில் பத்துப் பேர் கொண்ட அமெரிக்கக் குழு. அன்று உச்சியை அடைந்தவர்கள் பாரி கார்பெட், ஜான் எவன்ஸ், வில்லியம் லாங், பீட் ஷோனிங் ஆகிய நால்வர். ஷோனிங் 1953-ல் கே-2 மலையில் சறுக்கி விழுந்த தோழர்களை ஒற்றைக் கயிற்றில் தாங்கிப் பிடித்தவர். மலையேற்ற உலகில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. அதே குழு அந்தப் பயணத்திலேயே டைரி, ஷின் உள்ளிட்ட இன்னும் ஐந்து சிகரங்களையும் ஏறி முடித்துவிட்டது. கண்டத்தின் உயரமான சிகரங்களின் பட்டியலை ஒரே கோடையில் காலி செய்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

சரி, பனியாறுகளுக்கு வருவோம். கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

வின்சனின் மேற்குச் சரிவிலிருந்து இறங்குவது பிரான்ஸ்கோம்ப் பனியாறு. மலையேறிகள் எல்லோருக்கும் தெரிந்தது இதுதான், ஏனென்றால் அடிவார முகாம் இதன்மேல்தான், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைகிறது. சாய்வு அதிகம் இல்லை. அகன்ற வெள்ளைச் சாலைபோல மேற்கே இறங்கி நிமிட்ஸ் பனியாற்றில் கலக்கிறது. நிமிட்ஸ் பெரியது. சுமார் 64 கி.மீ. நீளம், 8 கி.மீ. அகலம். வின்சன் திரளுக்கும் மேற்கே உள்ள பாஸ்டியன் தொடருக்கும் நடுவில் புகுந்து தென்கிழக்காக ஓடுகிறது. ஓடிப்போய், முன்பு சொன்ன மின்னசோட்டா பனியாற்றில் சேர்கிறது. மின்னசோட்டா மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கே போய் ரட்ஃபோர்ட் பனியோடையில் விழுகிறது.

கிழக்குச் சரிவிலோ டேட்டர், எல்லன் போன்ற பனியாறுகள் நேராக இறங்கி அதே ரட்ஃபோர்டில் கலக்கின்றன. அதாவது உச்சியின் மேற்குப் பக்கம் விழும் பனித்துகள், கிழக்குப் பக்கம் விழும் பனித்துகள் இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. கிழக்கில் விழுந்தது குறுக்கு வழியில் போகிறது. மேற்கில் விழுந்தது மலையின் தெற்கு முனையைச் சுற்றிவளைத்துப் போகிறது. உயர்ந்த மலைமுகடு என்றால் அது நீர்ப்பிரிமேடாக இருக்கும், இரண்டு பக்கமும் இரண்டு கடலுக்குப் போகும் என்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். வின்சனில் அந்தக் கணக்கு செல்லாது. உண்மையான பனிப்பிரிமேடு அங்கிருந்து மேற்கே, பார்வைக்குச் சமதளம்போல் தெரியும் பனிவிரிப்பின் முதுகில் இருக்கிறது. கண்டத்தின் உயர்ந்த மலைமுகடு இரண்டு வடிநிலங்களைக்கூடப் பிரிப்பதில்லை.

ரட்ஃபோர்டைப் பனியாறு என்று சொல்லாமல் பனியோடை என்பதற்குக் காரணம் இருக்கிறது. பனியாற்றுக்கு இரு கரையிலும் பாறை இருக்கும். பனியோடைக்குக் கரையும் பனிதான். சுற்றியுள்ள பனி மெதுவாக நகர, நடுவில் ஒரு பட்டை மட்டும் வேகமாகப் பாயும். ரட்ஃபோர்டுக்கு மேற்கில் எல்ஸ்வொர்த் மலைகள் கரையாக இருக்கின்றன, கிழக்கில் பனி. நீளம் சுமார் 290 கி.மீ., அகலம் 24 கி.மீ.க்கு மேல், பனியின் தடிமன் பல இடங்களில் இரண்டு கி.மீ.க்கும் அதிகம். நகரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். மலையடிவாரத்தில் இவ்வளவு வேகமாக நகரும் பனி, விளிம்பில் கிழிபடாமல் இருக்குமா? இரு ஓரங்களிலும் வெடிப்புகள் நிறைந்த பட்டைகள். செயற்கைக்கோள் படத்தில் அவை சொரசொரப்பான கோடுகளாகத் தெரியும்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வின்சனுக்கு நேர் கிழக்கே, ஐம்பது அறுபது கி.மீ. தூரத்தில், ரட்ஃபோர்ட் தரையை விட்டுக் கிளம்பி மிதக்க ஆரம்பிக்கிறது. அந்த இடத்துக்கு அப்பால் பனிக்கு அடியில் இருப்பது வெட்டல் கடலின் நீர். மேலே நின்று பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது, அதே வெள்ளை. திறந்த கடல் இன்னும் பல நூறு கி.மீ. தள்ளி, கடல்மேல் மிதக்கும் ரான் பனித்தட்டின் விளிம்பில்தான். ஆனால் கடல் அலையேற்றமும் இறக்கமும் அடியில் புகுந்து இங்கேவரை வருகின்றன. சில மீட்டர் உயரத்துக்குப் பனித்தட்டு முழுவதும் தினமும் ஏறி இறங்குகிறது.

2006-ல் ஹில்மார் குட்முண்ட்சன் என்ற பனியியலாளர் ஒரு வியப்பான விஷயத்தை வெளியிட்டார். பனியோடைமேல் ஜி.பி.எஸ். கருவிகளை வைத்துப் பார்த்தபோது, அதன் வேகம் பதினான்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைந்தது. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிக் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். இடைப்பட்ட நாட்களில் சிறிதாக இருக்கும். அந்தத் தாளத்துக்கு ஏற்ப இரண்டு கி.மீ. தடிமனுள்ள பனியின் வேகம் ஐந்தில் ஒரு பங்குவரை மாறுகிறது. மிதக்கும் பகுதியில் மட்டும் இல்லை, தரையில் ஊன்றிக் கிடக்கும் பகுதியில் 40 கி.மீ. உள்ளேவரை. அமாவாசையும் பௌர்ணமியும் அண்டார்க்டிகாவின் உயர்ந்த மலைக்குப் பக்கத்தில் பனியை முடுக்குகின்றன! அதுவரை பனியோட்டம் ஆண்டுக்கணக்கில், நூற்றாண்டுக் கணக்கில் மாறும் ஒன்று என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது ஏன் என்று புரியும். அதற்காக பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வே குழு ரட்ஃபோர்டின் மேல் முகாமிட்டு, வெந்நீரைப் பீய்ச்சித் துளை போட்டது. பனியை உருக்கி, அந்த நீரையே சூடாக்கி, குழாய்வழியாக மறுபடி உள்ளே செலுத்துவது. இடையில் நிறுத்தினால் துளை உறைந்து மூடிக்கொள்ளும். அதனால் 63 மணி நேரம் விடாமல் வேலை செய்தார்கள். 2019 ஜனவரி 8 அன்று 2,152 மீட்டர் ஆழத்தில் தரை தட்டியது. அடியில் கிடந்தது நீர் ஊறிய மென்மையான சேறு. இவ்வளவு எடையுள்ள பனி இவ்வளவு வேகமாக வழுக்குவதற்கு அந்தச் சேறு ஒரு முக்கியக் காரணம். மேலே வெப்பநிலை பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே. அடியில், பூமியின் சூட்டாலும் பனியின் அழுத்தத்தாலும் உராய்வாலும், ஈரம்.

பனியை முழுக்க எடுத்துவிட்டால் மேற்கு அண்டார்க்டிகா எப்படி இருக்கும்? பெரும்பகுதி கடலுக்கு அடியில்தான் இருக்கும். அங்கங்கே தீவுகள் தலைநீட்டும். எல்ஸ்வொர்த் மலைகள் அப்படி ஒரு நீண்ட தீவின் முதுகெலும்பாக இருந்திருக்கும். 1957–58-ல் சார்லஸ் பென்ட்லி தலைமையில் சங்கிலிப்பட்டை பூட்டிய வண்டிகளில் போன குழு, வெடி வைத்து அதிர்வுகளை அளந்து, பனியின் அடித்தரை கடல் மட்டத்துக்கு மிகக் கீழே இருக்கிறது என்று முதலில் காட்டியது. கண்டம் என்று நினைத்த இடம் பாதிக்குப் பாதி பனி நிரம்பிய கடல் என்று தெரிந்த தருணம் அது.

இப்போது பாறைகள். வின்சனின் உச்சியும் செங்குத்துச் சுவர்களும் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கெட்டியான பாறை. ஆழமில்லாத கடலோரத்தில் படிந்த மணல் அழுந்தி இறுகி உருமாறியது. மலை இவ்வளவு நிமிர்ந்து நிற்பதற்கு அந்தக் கெட்டித்தன்மை ஒரு காரணம். இந்தத் தொடரிலேயே வேறு இடங்களில் சுண்ணாம்புக்கல் உருமாறிய பளிங்கும் உண்டு. அதற்கெல்லாம் மேலே, காலத்தால் பிந்தியதாக, ஒரு வினோதமான அடுக்கு இருக்கிறது. சேறும் கூழாங்கல்லும் உருண்டைப் பாறைகளும் கலந்துகட்டியாக இறுகியது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பனியுகத்தில் பனியாறுகள் அரைத்துப் போட்டுவிட்டுப் போன குப்பை அது. இன்றைய பனியாறுகளுக்குப் பக்கத்தில் பழைய பனியாறுகளின் எச்சம் கல்லாகக் கிடக்கிறது. அதற்கும் மேலே உள்ள அடுக்கில் நிலக்கரியும், குளோசோப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலைகளின் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன. எல்ஸ்வொர்த்தின் விமானத்தின் நினைவாகப் பெயரிட்ட சிகரத்தின் பெயரே அந்த அடுக்குக்கும் வந்தது.

இதே வரிசை நமக்கும் அந்நியமில்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் பனியாறு விட்டுப்போன உருண்டைப் பாறைப் படிவுகள் உண்டு. அவற்றுக்கு மேலே, ராணிகஞ்ச், ஜாரியா வரை கிழக்கிந்திய நிலக்கரிப் படுகைகளில், அதே குளோசோப்டெரிஸ் இலைகள். தென்னாப்பிரிக்காவிலும் அப்படியே. எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்த காலத்தின் சாட்சிகள். எல்ஸ்வொர்த் மலைகள் அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் மலைகளுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்றும், கோண்டுவானா உடைந்தபோது இந்தத் துண்டு தனியாகப் பிய்ந்து, ஏறக்குறைய 90 பாகை திரும்பி, இன்றைய இடத்துக்கு வந்தது என்றும் நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். பாறைகளில் பதிந்துபோன பழைய காந்தத் திசையும் மடிப்புகளின் போக்கும் அதைத்தான் சொல்கின்றன. முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அங்கே பிறந்த மலை இல்லை, வந்து சேர்ந்த மலை. அதனால்தான் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் குறுக்கே திரும்பி நிற்கிறது.

வானிலையைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை, குளிர். கோடையிலேயே உச்சிப்பக்கம் சுமார் மைனஸ் 30 பாகை. ஆனால் பனிப்பொழிவு குறைவு. அங்கே விழும் பனியை உருக்கினால் கிடைக்கும் நீர் ஒரு வறண்ட பாலைவனத்தின் மழையளவுக்குத்தான் தேறும். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி தாண்டும்வரை சூரியன் மறைவதே இல்லை. டிசம்பர் 21 அன்றுகூட நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 35 பாகைக்குமேல் ஏறாது. நள்ளிரவில் 12 பாகை உயரத்தில் நிற்கும். இதை வெறும் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாழ்ந்த சூரியன் வானத்தைச் சுற்றிவரும்போது ஏதாவது ஒரு முகட்டுக்குப் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். அப்போது முகாம் நிழலுக்குள் போய்விடும். வெயிலில் கூடாரத்துக்குள் கையுறை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள், நிழல் விழுந்த சில நிமிடங்களில் தூக்கப்பைக்குள் புகுந்துகொள்கிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் கூடாரத்தின் உட்துணியில் உறைந்து, யாராவது தோளால் இடித்தால் முகத்தில் உதிர்கிறது. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை அங்கே கடிகாரம் தீர்மானிப்பதில்லை. நிழல் எப்போது விலகும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, கேள்வி கேட்டவர் எவரெஸ்ட்டோடு ஒப்பிட்டதால் சொல்கிறேன். துருவத்துக்கு மேலுள்ள வளிமண்டலம் குளிரால் சுருங்கிக் கிடக்கிறது. அதனால் அதே 4,892 மீட்டரில் வெப்பமண்டலத்தில் இருப்பதைவிட வின்சனில் காற்றழுத்தம் குறைவு. உடம்புக்கு அது இன்னும் சில நூறு மீட்டர் உயரமாகத்தான் தெரியும்.

அங்கே எப்படிப் போகிறார்கள் என்பதும் பனியின் புவியியல்தான். தெற்குப் பாதியான ஹெரிடேஜ் தொடரில் யூனியன் பனியாறு இருக்கிறது. மலைச்சந்து வழியாக வீசும் காற்று, விழும் பனித்தூளைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடுகிறது. மேற்பரப்புப் பனி நீராகாமலே ஆவியாகிக்கொண்டே போகிறது. அடியிலிருந்து காற்றுக்குமிழிகள் நசுங்கிப்போன, கண்ணாடிபோல் இறுகிய பழைய நீலப்பனி வெளியே தெரிகிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் வழவழப்பாக இருக்காது; காற்றும் வெயிலும் சேர்ந்து குடைந்த உள்ளங்கை அளவுக் குழிகள் மேற்பரப்பு முழுவதும். இந்தக் கெட்டிப் பனியில் சக்கரம் வைத்த பெரிய விமானமே இறங்கலாம். சிலியின் புன்டா அரினாஸ் நகரிலிருந்து பல ஆண்டுகள் இல்யூஷின்-76 சரக்கு விமானங்கள் வந்துபோயின. பனியில் பிரேக் போட்டால் வழுக்கும் என்பதால் என்ஜினின் எதிர்விசையை நம்பி, நீண்ட தூரம் ஓடித்தான் நிற்கும். 1980-களின் பிற்பாதியில் முதலில் இப்படிப் பயன்பட்டது பேட்ரியாட் ஹில்ஸ். பிறகு யூனியனுக்கு மாறினார்கள். அங்கிருந்து சறுக்குப்பட்டை பொருத்திய சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் பிரான்ஸ்கோம்ப். அப்புறம் கீழ் முகாம், கயிறு கட்டிய செங்குத்துச் சரிவு, ஷின் பக்கமாக மேல் முகாம், உச்சி. மனிதக் கழிவு உட்பட எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அங்கே எதுவும் மக்காது.

யாருடைய மலை என்று கேட்டால், யாருடையதும் இல்லை. சிலி 53 முதல் 90 பாகை மேற்குவரை உரிமை கோருகிறது. வின்சன் அதற்குள் வருகிறது. பிரிட்டனின் கோரிக்கை 80 பாகையோடும் அர்ஜென்டினாவினுடையது 74-லும் முடிந்துவிடுகின்றன, வின்சன் இருப்பது 85-ல். 1959-ல் கையெழுத்தான அண்டார்க்டிக் ஒப்பந்தம் எல்லாக் கோரிக்கைகளையும் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டது.

பூமி சூடாவதால் இந்தப் பனி என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியாக வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேற்கு அண்டார்க்டிகா முழுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது. அமுண்ட்சென் கடல் பக்கம் த்வெயிட்ஸ், பைன் ஐலண்ட் பனியாறுகள் அடியில் புகும் ஒப்பீட்டளவில் சூடான கடல்நீரால் வேகமாகப் பனியை இழந்துகொண்டிருக்கின்றன. ரட்ஃபோர்ட் போய்ச் சேரும் ரான் பனித்தட்டின் அடியில் இருப்பதோ மிகக் குளிர்ந்த நீர். அதனால் ரட்ஃபோர்ட் இதுவரை பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. கவலை, சூடான நீர் இந்தப் பக்கமும் திரும்பினால் என்ன என்பதில்தான். ஹெரிடேஜ் தொடரின் பாறைகளில் விண்கதிர்கள் உண்டாக்கிய அணுக்களை எண்ணிப்பார்த்து 2016-ல் ஒரு குழு வெளியிட்ட முடிவு இங்கே பொருத்தம்: அந்த இடத்தில் குறைந்தது 14 லட்சம் ஆண்டுகளாகப் பனி தொடர்ந்து இருந்திருக்கிறது. இடைப்பட்ட வெப்பக் காலங்களிலும் முழுதாக விலகவில்லை. ஆனால் அதன் மட்டம் மாறியிருக்கிறது. மலைச்சரிவுகளில் ஒரு கோடுபோல அது தெரியும்: கோட்டுக்கு மேலே கூர்மையான முகடுகள், கீழே பனி தேய்த்து மழுங்கடித்த பாறை. அந்தக் கோடு இன்றைய பனிமட்டத்துக்கு மிக உயரே இருக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க விருப்பமிருந்தால் ஏதாவது செயற்கைக்கோள் வரைபடத்தில் 78°31′ தெற்கு, 85°37′ மேற்கு என்று தேடுங்கள். சாதாரண உலக வரைபடத்தில் துருவப்பக்கம் இழுபட்டுத் தெரியும்; துருவத்தை மையமாக வைத்த வரைபடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிகரத்தைத் தேடவேண்டாம், மேலிருந்து பார்க்கும்போது அது எடுபடாது. நிழல் நீண்டு விழும் கிழக்குச் சுவரை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கிழக்கே நகர்ந்தால், ஓட்டத்தின் திசையில் நீளக் கோடுகள் போட்ட அகன்ற பட்டை ஒன்று வரும். அது ரட்ஃபோர்ட். அப்புறம் மேற்கே திரும்பி, பாஸ்டியன் தொடருக்கு இந்தப் பக்கம் நிமிட்ஸைப் பிடித்து, அதன் கோடுகளைத் தெற்கே தொடர்ந்து போனால் மின்னசோட்டாவில் வளைந்து மறுபடி ரட்ஃபோர்டுக்கே வந்து சேருவீர்கள்.